பெரியகருப்பன் அண்ணன் உட்கார்ந்திருந்த பேல்

மதுரைக்குக் கடல் கிடையாது. ஆனால் நான் வேலை பார்த்த மில்லுக்கு ஒரு ஆர்பர், அதாவது துறைமுகம், இருந்தது. மில்லின் பின்பக்கம் ரயில் பாதையிலிருந்து கிளை பிரிந்து வரும் தண்டவாளம், அதை ஒட்டி ஆறு குடோன்கள், நடுவே பேல் எனப்படும் பஞ்சுப் பொதிகளை இறக்கி வைக்கும் பெரிய வெளி, இவ்வளவும் சேர்ந்த இடத்துக்குத்தான் அந்தப் பெயர். தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறங்கும் வெளிநாட்டுப் பஞ்சு நேராக இங்கே வந்து சேரும் என்பதால், எந்தக் காலத்திலோ யாரோ வைத்தது. லோடுமேன் முதல் மானேஜர் வரை எல்லோருக்கும் அது ஆர்பர்தான்.

இப்போது அந்த ஆர்பரில்தான் குடியிருக்கிறேன், ஏழாவது மாடியில். மில் மூடிய பிறகு பல வருடம் கருவேல மரம் மண்டிக் கிடந்த இடத்தை ஒரு கம்பெனி வாங்கி அடுக்குமாடிகளாகக் கட்டிவிட்டது. தண்டவாளம் ஓடிய இடம் நடைபாதை. இரண்டாம் நம்பர் குடோனை மட்டும் இடிக்காமல், செங்கல் தெரியும்படி சுரண்டிவிட்டு, உள்ளே காபிக் கடை வைத்திருக்கிறார்கள். புகைபோக்கிக்குச் சாயங்காலமானால் கலர் விளக்கு. ஆர்பர் என்ற பெயரை எவனோ டிசைனர் கேள்விப்பட்டிருக்கிறான். வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு சிமெண்ட் நங்கூரத்தை நட்டுவிட்டான். வைகையிலேயே தண்ணீர் நிற்காத ஊரில் நங்கூரம்! பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

வீடு என் மகன் வாங்கியது. அதுவரை திருநகரில் வாடகை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி, லிஃப்ட் இருக்கிறது என்றதும் பெட்டியைக் கட்டிவிட்டாள். நான்தான் முரண்டு பிடித்தேன். கடைசியில் சம்மதித்தது லிஃப்டுக்காக இல்லை. அந்த மண்ணில் ஒரு தடவை நடந்தால் போதும் என்ற ஏக்கம் உள்ளுக்குள் இருந்தது. வந்த முதல் நாள் பால்கனியில் நின்று எது எங்கே இருந்தது என்று கணக்குப் போட்டேன். எங்கள் படுக்கையறைக்கு நேர் கீழே நான்காம் நம்பர் குடோன். பிள்ளைகள் ஊஞ்சல் ஆடும் இடம் பேல் இறக்கிய வெளி.

போன மாதம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், "அங்கிள், நீங்க இங்கேயே வேலை பார்த்தவராமே, பழைய கதை சொல்லுங்க" என்று பிடித்து மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். எனக்குத்தான் வாய் கொஞ்சம் நீளமாயிற்றே. தீபாவளி போனஸ், ஆயுத பூஜைக்கு வேகன் இன்ஜினுக்கு மாலை போட்டது, கேன்டீன் உளுந்த வடை என்று இருபது நிமிடம் பேசினேன். கை தட்டினார்கள். ஒரு பெண், நீங்கள் அதிர்ஷ்டசாலி அங்கிள் என்றாள். எனக்குக் கூசிப்போனது. சொல்ல வேண்டிய ஒன்றை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொல்லியிருந்தேன். அதை இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் செக்கானூரணிப் பக்கம், மானாவாரி விவசாயக் குடும்பம். பி.யு.சி. முடித்து, மாமா ஒருவர் சொல்லி, குடோன் கிளார்க்காகச் சேர்ந்தேன். வேலை பழக இரண்டு வருடம் ஆயிற்று, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எடை போட, நம்பர் எழுத, வெயிலில் நிற்கக் கற்றுக்கொண்டேன். முக்கியமாகக் கற்றது மோந்து பார்க்க.

சிரிக்காதீர்கள். பஞ்சு குடோனில் கண்ணைவிட மூக்குதான் பெரிது. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இடத்தில் ஒரு கல் இரும்பில் உரசி, ஒரே ஒரு பொறி பஞ்சுக்குள் விழுந்து, அது அப்படியே அழுத்தி பேல் ஆகிவிட்டால் தொலைந்தது. இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய பேலுக்குள் காற்று இல்லை, அதனால் எரியாது. அணையவும் செய்யாது. உள்ளேயே நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். வெளியே புகை, சூடு எதுவும் தெரியாது. தெரிந்தால் வாசம் மட்டும்தான் தெரியும், ஈரச் சாக்கை அடுப்போரம் வைத்த மாதிரி மெல்லிசாக. அந்த ஒரு பேல் குடோனுக்குள் போய்விட்டால் மொத்த குடோனும் போச்சு.

அதனால் ஆர்பரில் ஒரு முறை இருந்தது. வந்த பேல்களை ஒரு கை இடைவெளி விட்டு வெளியில் வரிசையாக நிறுத்துவோம். கிளார்க் ஒவ்வொன்றையும் சுற்றி வந்து மோந்து பார்த்துச் சுண்ணாம்புக் குறி வைப்பார். பிறகு லோடுமேன்களின் மேஸ்திரி மோந்து பார்த்துக் காவிக் குறி வைப்பார். இரண்டு குறியும் இருந்தால்தான் லோடுமேன்கள் பேலைத் தொடுவார்கள். சந்தேகம் என்றால் கம்பி போட வேண்டும். நீளமான மெல்லிய இரும்புக் கம்பியை பேலின் நடு வயிறு வரை குத்தி, கால் மணி நேரம் விட்டு, உருவி, மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்ப்பது. சுட்டால் அது நெருப்பு பேல்.

இந்த முறையை எங்கள் குடோன் சூப்பிரண்டு ஆசீர்வாதம் சார் வேதம் மாதிரி வைத்திருந்தார். அவருடைய அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சாரும் வாத்தியாராகப் போயிருக்க வேண்டியவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், மடித்த கைக்குட்டை. பஞ்சு பறக்கும் இடத்தில் அந்த மனிதர் மேல் மட்டும் ஒரு தூசி ஒட்டாது. லோடுமேன்களைக்கூட நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். "தங்கராசு ஐயா, கொஞ்சம் இப்படி வர்றீங்களா" என்று அவர் கூப்பிட்டால் அன்றைக்கு நான் தொலைந்தேன்.

தினம் காலை எங்கள் மூக்கைச் சோதிப்பார். அவர் மேசையில் மூன்று தகர டப்பா. ஒன்றில் சுக்கு, ஒன்றில் கற்பூரம், ஒன்றில் கருகிய பஞ்சு. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி ஒவ்வொன்றாக மூக்குக்கு நேரே நீட்டுவார். கற்பூரத்தை எவனும் சொல்லிவிடுவான், கருகிய பஞ்சைச் சொல்ல வேண்டும். சளி என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அன்றைக்குக் குறி வைக்கிற வேலை கிடையாது, வேறு வேலை பார்க்கலாம், ஏச்சு கிடையாது. ஆனால் சளியை மறைத்தால் அவரிடம் மன்னிப்பே இல்லை. அப்படி மறைத்த ஒரு கிளார்க்கை எடைமேடைக்கு அனுப்பிவிட்டார். அந்த ஆள் ரிட்டயர் ஆகும் வரை குடோன் பக்கம் வர முடியவில்லை.

மேஸ்திரி பெரியகருப்பன் அண்ணன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், வண்டியூர்க்காரர். கையெழுத்துப் போட மட்டும் தெரியும். ஆனால் அவர் மூக்கு இருக்கிறதே! கேன்டீனில் அடுப்பில் இருக்கும்போதே சாம்பாரில் உப்பு குறைகிறது என்பார். நெருப்பு பேலை நான்கு தடவை கண்டுபிடித்தவர். எனக்கும் மூக்கு நன்றாக இருந்தது. லோடுமேன்கள் எங்கள் இருவரையும் வைத்துப் பந்தயம் கட்டுவார்கள். அண்ணன் தோற்றால் விழுந்து விழுந்து சிரிப்பார், நான் தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். இதிலேயே யார் பெரிய மனுசன் என்று தெரியும்.

அந்த நாளுக்கு வருகிறேன். ஐப்பசி மாதம். ஆசீர்வாதம் சார் உறவுக்காரர் கல்யாணத்துக்கு நாசரேத் போயிருந்தார். முதல் தடவையாகப் பொறுப்பை என்னிடம் விட்டுப் போனார். முந்தின நாளே எனக்கு மூக்கு அடைத்துவிட்டது. சொல்லியிருந்தால் வேறொரு கிளார்க் பார்த்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் சார் நாற்காலியில் ஒரு நாள் உட்காரும் ஆசை. மிளகு ரசம் குடித்து, தைலம் தேய்த்துக்கொண்டு போனேன்.

காலையில் டப்பாவைப் பெரியகருப்பன் அண்ணனுக்கு நான் நீட்டினேன். மூன்றையும் சரியாகச் சொன்னார். எனக்கு யார் நீட்டுவது? பூனை கண்ணை மூடிக்கொண்ட கதையாக நானும் சோதித்தாகிவிட்டது என்று வைத்துக்கொண்டேன்.

வெளியில் எண்பது பேல் நின்றது. மேற்கே நாகமலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. நான் குனிந்து குனிந்து எல்லாவற்றையும் மோந்து பார்ப்பதுபோல் பாவனை செய்து சுண்ணாம்பு வைத்துவிட்டேன். அண்ணன் பின்னாலேயே காவி வைத்து வந்தார், லோடுமேன்கள் உருட்டிக்கொண்டிருந்தார்கள். பாதியில் ஒரு பேலுக்கு முன்னால் நின்றுவிட்டார். இரண்டு முறை சுற்றினார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, தம்பி இதுல வாசம் வருது, நல்லாப் பாத்தீங்களா என்றார். நான் மூக்கை வைத்தேன். எனக்குச் சுவரை மோந்தது போலத்தான் இருந்தது. ஒன்றும் இல்லை அண்ணே என்றேன். அப்படியென்றால் கம்பி போட்டுவிடலாம் என்றார்.

கம்பி போட்டிருக்கலாம், கால் மணி நேர வேலை. ஆனால் கம்பி போட்டு, சுட்டுவிட்டால், நான் சுண்ணாம்பு வைத்த பேல் அது. எல்லார் முன்னாலும் என் சளி வெளியே வந்துவிடும். மழை வருது, அதுக்கெல்லாம் நேரமில்லை, என் மூக்கு மேல நம்பிக்கை இல்லையா என்று சத்தம் போட்டேன். அண்ணன் நேராகப் போய் அந்த பேல் மேல் ஏறிக் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்துகொண்டார். அவர் உட்கார்ந்துவிட்டால் ஒருவனும் எதையும் உருட்ட மாட்டான். அரை மணி நேரம் நானும் அவரும் வாக்குவாதம். அதற்குள் மழை கொட்டிவிட்டது. பாக்கி நாற்பது பேலும் நனைந்தன.

லோடுமேன்கள் திட்ட ஆரம்பித்தார்கள். ஒருவன், யானைக்கும் அடி சறுக்கும், எந்திரிங்கண்ணே என்றான். அவர் நனைந்தபடி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, நெசமாவே ஒங்களுக்கு வாசம் வரல?"

"வரலண்ணே."

அது பொய் இல்லை. அதைவிடக் கேவலம். அவர் இறங்கினார். தலையைக் குனிந்துகொண்டே அந்த பேலுக்குக் காவி வைத்தார். பேல் நான்காம் நம்பர் குடோனுக்குள் போனது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஷிப்ட் மாறியதும், அண்ணனும் அவர் ஆட்களும் போன பிறகு, கம்பியை எடுத்துக்கொண்டு போனேன். குத்திவிட்டுக் காத்திருந்த அந்தக் கால் மணி நேரம் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். உருவி மணிக்கட்டில் வைத்தேன். தோல் பொசுங்கிவிட்டது. அடுத்த ஷிப்டின் ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, நனைந்த பேல், கழிவுக்குப் போகிறது என்று சொல்லி, பின்பக்கத் தீயணைப்புத் தொட்டிக்குள் தள்ள வைத்தேன். மறுநாள் யாரும் வருமுன் பட்டையை வெட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு பானை அளவுக்குக் கரி.

குடோன் தப்பித்தது. விடிந்ததும் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன், சத்தியமாக. சார் வந்தார். நாற்பது பேல் நனைந்ததற்கு மானேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் இருவரையும் நிற்க வைத்து, "தங்கராசு ஐயா, உங்க மூக்கு நேத்து நல்லாத்தானே இருந்தது?" என்று கேட்டார். அந்த ஐயாவில் என் தைரியம் எல்லாம் ஓடிவிட்டது. நல்லா இருந்துச்சு சார் என்றேன். அவர் அண்ணன் பக்கம் திரும்பி, மிக மெதுவாக, வயசானா மூக்கும் தளரும், அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல என்றார். நாற்பத்திரண்டு வயது ஆளிடம்.

அண்ணன் காவி டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, இனிமே வேற யாராச்சும் வைக்கட்டும் சார் என்றார். மேஸ்திரி வேலையும் போனது. கழிவுப் பஞ்சு ஷெட்டுக்குப் போய்விட்டார். லோடுமேன்கள் பொய்மூக்கன் என்று பெயர் வைத்தார்கள். சும்மா கேலிக்குத்தான் ஆரம்பித்தது, ஆனால் ஒட்டிக்கொண்டது. அவர் அதைவிட மோசமான ஒன்றைச் செய்தார். அவரே அதை நம்பிவிட்டார். ஷெட்டுப் பக்கம் போனால், தம்பி, இங்க ஏதும் கருகுற வாசம் வருதா என்று போகிற வருகிறவனையெல்லாம் கேட்பார். என்னிடமும் கேட்பார். இல்லண்ணே என்பேன், வேகமாக நடந்துவிடுவேன். மில் மூடும் வரை ஒன்பது வருடம் இப்படி நடந்தேன்.

நான் பிறகு கப்பலூரில் ஒரு தனியார் குடோனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஆசீர்வாதம் சார் காலமாகிவிட்டார். கூட்டத்தில் கைதட்டல் வாங்கிய மறுநாள், வாசலுக்கு எதிரே அந்தக் காலத்திலிருந்து இருக்கும் டீக்கடையில் விசாரித்தேன். பெரியகருப்பன் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் மகள் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். போனேன். எண்பதை நெருங்கிவிட்டார், ஆனால் நடை தளரவில்லை. என்னைப் பார்த்து அவருக்கு அம்புட்டுச் சந்தோசம். நம்ம கிளார்க்குத் தம்பி என்று மகளிடம் காட்டினார். கறிக்குழம்பு கொதிக்கும் வாசம் வாசல்வரை வந்தது. அவர் உள்ளே எட்டிப் பார்த்து, குழம்பு அடிப்பிடிக்கிறது போல இருக்கே, நீ பாரேன், எனக்குச் சரியாத் தெரியாது என்றார். மகள், ஆமாப்பா என்று ஓடினாள். சொல்ல வந்ததைச் சொல்லாமல், ஆர்பரில்தான் குடியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். எப்படி வச்சிருக்கானுங்க, ஒரு தடவ பாக்கணுமே என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் கூட்டி வந்தேன். வாசலில் செக்யூரிட்டி அவர் பேர், போன் நம்பர் எல்லாம் கேட்டு, படம் எடுத்து, என் போனுக்கு ஒரு நம்பர் அனுப்பி, அதைச் சொன்ன பிறகுதான் விட்டான். பத்தொன்பது வருடம் அந்தக் கேட்டில் முதல் ஆளாக நுழைந்தவர் பொறுமையாக நின்றார். நங்கூரத்தைப் பார்த்து, இது எதுக்குத் தம்பி, வெள்ளம் வந்தா ஓடிராம இருக்கவா என்று கேட்டார். இரண்டு பேரும் பழைய மாதிரி சிரித்தோம். அந்தச் சிரிப்புக்காகத்தான் இத்தனை வருடம் ஏங்கியிருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

நடைபாதையில் போய், ஊஞ்சல் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் திடீரென்று முகத்தைத் தூக்கினார். "தம்பி, என்னமோ வயர் கருகுற மாதிரி இருக்கு. ஒங்களுக்கு வருதா, இல்ல எனக்குத்தான் அப்படியா?" என்றார். எனக்கும் வந்தது. பக்கத்து விளக்குக் கம்பத்தின் பெட்டியிலிருந்து வந்தது. எலெக்ட்ரீசியனுக்குப் போன் போட்டேன். போனை வைத்ததும், வருதுண்ணே, ஒங்களுக்கு எப்பவும் சரியாத்தான் வரும் என்று ஆரம்பித்து, சளி, டப்பா, கம்பி, தொட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நடுவில் அழுதேன். ஊஞ்சல் ஆடிய பிள்ளைகள் பார்த்தார்கள்.

அவர் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"நான் உக்காந்திருந்த அதே பேல்தானா?"

"அதேதாண்ணே."

"கம்பி சுட்டுச்சா?"

மணிக்கட்டைக் காட்டினேன். தழும்பு வெளுத்துவிட்டது, ஆனால் இருக்கிறது. அவர் கையைப் பிடித்து, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்ப எனக்கு வாசம் வந்துச்சு."

"வந்துச்சுண்ணே. ஒங்களுக்கு மட்டுந்தான் வந்துச்சு."

கையை விட்டுவிட்டார். ரெண்டு வார்த்த ஏசுங்கண்ணே என்று கேட்டேன். அவர் பேல் நின்ற வெளியைப் பார்த்துக்கொண்டே, கோபமே இல்லாத குரலில் சொன்னார்.

"எம் பொண்டாட்டி இருந்தவரைக்கும் சோறு கருகுதான்னு அவளக் கேட்டுத்தான் நம்புவேன். நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா ஒங்களுக்கு ஒரு ஏச்சோட போயிருக்கும் தம்பி. எனக்கு எம் மூக்கு இருந்திருக்கும்."

வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன், என் வீட்டுக்காரி பலகாரம் செய்து வைத்திருந்தாள். வேணாம் என்றார். ஆட்டோவில் நான் ஏறப் போனபோது, நீங்க இருங்க, எனக்கு வழி தெரியும் என்றார். வண்டி மெயின் ரோட்டில் திரும்பும் வரை நின்றேன், அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு வண்டியூர் போய் வந்தேன். இரண்டு தடவையும் மகள்தான் வந்து உட்காரச் சொன்னாள். அவர் தெப்பக்குளத்துப் படியில் இருப்பார், போய்ப் பாருங்கள் என்றாள். எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டாவது தடவை புறப்படும்போது அவளே சொன்னாள்: "அப்பா இப்பல்லாம் கருகுதான்னு எங்ககிட்ட கேக்குறதில்ல. நேத்து அவரே போயி அடுப்ப அணச்சாரு."